ஆட்டத்தைப் பார்க்கும் கொட்டு

எங்கள் மலையூரான சக்குபள்ளத்தில் எங்கே பந்து உருண்டாலும் சேதி முதலில் காதுக்குத்தான் வந்து சேரும். ஏலச்செடிக்கு நிழலாக விட்டுவைத்த பெருமரங்கள் பார்வையை மறித்துவிடும். மேடும் பள்ளமுமாக வளைந்து போகும் பாதையில் பக்கத்து மைதானமே அரைமணி நேர நடையாகிவிடும். சத்தம் மட்டும் குறுக்கு வழியில் வரும். செல்லார்கோவில் மேட்டில் நிற்பவருக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் ஒலிபெருக்கி காற்றடிக்கும் திசையைப் பொறுத்துக் கேட்கும். அதேபோல் அணக்கரைப் பக்கம் தப்புப் பறை ஒலித்தால், மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவர்களுக்கும் ஆட்டம் தொடங்கப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த வருடம் எங்கள் கால்பந்துப் போட்டிக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. தப்பு, செண்டை, நாசிக் டோல், பிளாஸ்டிக் ஊதல், ஒலிபெருக்கிப் பாக்ஸ் எதுவும் மைதானத்துக்குள் வரக்கூடாது, அப்போதுதான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்றார்கள் சிலர். சத்தமில்லாத ஆட்டத்துக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் எல்லா வாத்தியத்தையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் பேசின. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஒரு வாத்தியம் மைதானத்துக்கு உரியதா என்பதை அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்துவிட முடியாது. அதை வாசிப்பவர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா? நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

பிளாஸ்டிக் ஊதல் எங்கள் மலைக்கு வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 2010 ஜூன் 11 முதல் ஜூலை 11 வரை தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை நடந்தது. நமக்கு மாலை 5 மணிக்கும், இரவு ஏழரைக்கும், நள்ளிரவு 12க்கும் ஆட்டங்கள். வெளியே ஜூன் மழை, உள்ளே கேபிள் டிவி. தொலைக்காட்சியில் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு ரீங்காரம் வீட்டை நிறைத்துவிடும். வுவுசெலா என்ற பெயரை அந்த மாதத்தில்தான் கற்றுக்கொண்டோம். ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழல், ஒரே ஒரு சுரம். அடுத்த திருவிழாக் கடைகளிலேயே அதன் தம்பிகள் மஞ்சளும் பச்சையுமாகத் தொங்கத் தொடங்கிவிட்டார்கள். பஞ்சுமிட்டாய் வாங்கும் கை அதையும் வாங்கிற்று. அங்கிருந்து மைதானத்துக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

அந்த ஊதலைப் பற்றிய சண்டை அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. 2009இல் தென்னாப்பிரிக்காவில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை நடந்தபோது ஸ்பெயின் ஆட்டக்காரர் ஷாபி அலோன்சோ அதைத் தடைசெய்ய வேண்டும் என்றார். ஃபிஃபா தலைவராக இருந்த செப் பிளாட்டர் மறுத்துவிட்டார். ஆப்பிரிக்காவில் நடக்கும் கோப்பையை ஐரோப்பாவின் கோப்பையாக ஆக்கப் பார்க்கக் கூடாது என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு பிரான்ஸ் அணித் தலைவர் பாட்ரீஸ் எவ்ரா, மைதானத்தில் சக ஆட்டக்காரர் சொல்வது கேட்கவில்லை, காலை 6 மணிக்கே ஊதத் தொடங்கிவிடுகிறார்கள், தூங்க முடியவில்லை என்று குறைப்பட்டார். பிரான்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. கோப்பை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 1 அன்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் தன் போட்டிகள் எல்லாவற்றிலும் வுவுசெலாவைத் தடைசெய்தது.

தடையை ஆதரித்தவர்கள் எண்களைக் காட்டினார்கள். அந்த எண்கள் உண்மையானவை. ஸ்வானபூல், ஹால் ஆகிய செவித்திறன் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் 2010இல் எழுதிய கட்டுரையின்படி, ஒற்றை ஊதலின் வாயருகே 131 டெசிபல், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் 113. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒருவன் அதை ஊதுகிறான் என்றால், அதைக் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தப்பும் செண்டையும் மட்டும் காதுக்கு மென்மையா? அருகில் நின்றால் அவையும் கொல்லும். அப்படியிருக்க, ஏன் தப்பு ஒலிக்கும் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ள முடிகிறது, ஊதல் ஒலிக்கும் மைதானத்தில் முடிவதில்லை?

காரணம் ஒலியின் அமைப்பில் இருக்கிறது. ஊதலின் அடிச்சுரம் 233 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. மனிதர் பேச்சும் கூப்பாடும் நடமாடுகிற இடம் அதுதான். அதன் மேல்சுரங்கள் 466, 699 என்று படிப்படியாக ஏறி, நாம் எழுத்துகளைப் பிரித்தறியும் பகுதி முழுவதிலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஒருவன் மூச்சு வாங்கும்போது அடுத்தவன் ஊதுகிறான். ஆயிரம் பேர் ஊதினால் இடைவெளியே இல்லாத ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. "பின்னால ஆள்", "விடு", "எனக்கு" என்ற குட்டிக் குட்டிச் சொற்கள் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. கொட்டு அப்படியில்லை. ஓர் அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் சந்து கிடைக்கிறது. அந்தச் சந்தில் கோல்கீப்பரின் குரல் நுழைந்து டிஃபெண்டரிடம் போய்ச் சேர்ந்துவிடும். நடுவரின் விசிலோ மிக மேல் சுருதியில் இருப்பதால் எந்தக் கொட்டையும் கீறிக்கொண்டு வந்துவிடும். சத்தத்தின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் கேட்க இடம் விடும் சத்தமும் விடாத சத்தமும் ஒன்றாகிவிடாது.

இதைச் சொன்னதும், ஆப்பிரிக்கர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்கிற இடத்துக்குச் சிலர் வழுக்கிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். வுவுசெலாவுக்கு மூதாதை அங்கே குடு மான் கொம்பு என்று சொல்வதுண்டு. நாசரேத் பாப்டிஸ்ட் சபை என்னும் ஷெம்பே சபையார் தங்கள் வழிபாட்டுக் குழலிலிருந்துதான் அது பிறந்தது என்று உரிமை கோரினார்கள். பெட்ரோ எஸ்பி-சாஞ்சிஸ் என்ற இசைக்கலைஞர் உலகக் கோப்பைக்கு முன்பே ஒரு வுவுசெலா குழுவை அமைத்தார். குழல்களை வெவ்வேறு நீளத்தில் வைத்து, ஒருவருக்கு ஒரு சுரம் என்று பிரித்துக் கொடுத்து, ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் நிரப்பும்படி வாசிக்க வைத்தார். தென்னாப்பிரிக்காவில் நாணற்குழல் கூட்டங்கள் காலங்காலமாக வாசிக்கும் முறை அது. ஒற்றைச் சுரம் இசையாகாது என்று யார் சொன்னது? பாலக்காட்டில் நெம்மாறை, வல்லங்கி என்ற இரண்டு ஊர்கள் கோடையில் ஒரே வயல்வெளியில் எதிரெதிரே நின்று நடத்தும் வேலா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். வளைந்த கொம்பை உயர்த்திப் பிடித்திருப்பவர்களுக்குக் கிடைப்பதும் நாலைந்து சுரம்தான். ஆனால் கொம்புக்காரரின் கண் மேளக்காரரின் கையிலேயே இருக்கும். செண்டை ஏறும் இடத்தில் கொம்பு ஏறும், செண்டை விடும் இடத்தில் கொம்பு பேசும். அங்கேயும் இரண்டு தரப்பு உண்டு, வெற்றி தோல்விப் பேச்சு உண்டு, காது அடைக்கும் வாணவேடிக்கை உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கொம்பும் எதையோ கேட்டுக்கொண்டுதான் ஒலிக்கிறது.

ஊதலின் மேல் எனக்குள்ள குறை அது எளியது என்பதில் இல்லை. நம் மைதானத்தில் அதை ஊதுபவன் பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பந்து அவுட் ஆனாலும் ஊதுகிறான், ஒருவன் கால் பிசகி விழுந்து கிடந்தாலும் ஊதுகிறான், பெனால்டி உதைக்கப் போகும்போதும் ஊதுகிறான். ஆட்டம் அவனுக்குள் போகாததால் ஆட்டத்தைப் பற்றி அவன் ஊதலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நமக்கு இந்தக் கேள்வி புதியதும் இல்லை. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்று வரும் வரிசையில் பறையையும் வைக்கிறது. பின்வந்த அகப்பொருள் நூல்கள் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறையைப் பெயர் சொல்லிக் கொடுக்கின்றன. குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை. காளையை அடக்கும் களத்துக்கென்றே தனியாக ஒரு பறை இருந்திருக்கிறது என்பதை நினைத்து நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். விளையாட்டுக்கு வாத்தியம் தேவையா என்று இன்று கமிட்டியில் கேட்கிறோம். அந்த மக்கள் ஆட்டத்துக்குள்ளேயே வாத்தியத்தைச் சேர்த்து எண்ணியவர்கள். ஏறு பாயும்போது பறை பேசாமல் இருந்தால் ஏதோ தவறு நடக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இங்கே தப்பு என்று சொல்லும் பறையை மைதானத்தில் அருகிலிருந்து பார்க்க வேண்டும். வேப்பமரத் துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வளையம், அதன் மேல் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டிய கன்றுத்தோல். சமவெளியில் வெயில் பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கே நெருப்புதான் செய்ய வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தே நிமிடத்தில் தோல் தளர்ந்து, அடித்தால் "தொப்" என்னும். அதனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் அட்டைப்பெட்டியும் காய்ந்த சுள்ளியும் போட்டு எரித்துக்கொண்டே இருப்பார்கள். தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சுருதி ஏறிய பிறகு தோளில் மாட்டிக்கொள்வார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் ஒல்லியாக நீண்ட சிண்டுக்குச்சி. தோல் தளரும்போது ஒருவர் விலகி நெருப்புக்குப் போவார், அடுத்தவர் அவர் இடத்தை எடுத்துக்கொள்வார். மழைக்காலத்து ஆட்டத்தில் பாதி நேரம் நெருப்புக்குத்தான் போகும். பிளாஸ்டிக் தோல் போட்ட டிரம்முக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பையன்கள் அதற்கு மாறிவிட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் தப்பு அடிக்கும் மூத்தவர்கள் இப்போதும் நெருப்பை விடவில்லை.

அவர்கள் ஆட்டத்தைப் படிக்கும் விதம்தான் எனக்கு முக்கியம். எதிரணி கார்னர் எடுக்க வரும்போது சிண்டுக்குச்சி மட்டும் மெதுவாக உரசிக்கொண்டிருக்கும். பந்து தலைக்கு மேலே பறக்கும் நேரம் ஒன்றுமே கேட்காது. கீப்பர் பந்தைப் பிடித்து மார்போடு அணைத்தவுடன் அடிக்குச்சி இரண்டே இரண்டு அடி போடும். அது கைதட்டல். நம் பையன் பக்கவாட்டில் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கினால் அடி அவன் காலோடு ஓடும். வேகம் கூடக் கூட மக்கள் எழுந்து நிற்பார்கள். அவன் கோலுக்கு வெளியே உதைத்தாலும் அடி சட்டென்று அறுந்துவிடாது. இறங்கி இறங்கி, பரவாயில்லை என்று அவனைத் திரும்பி நடக்க வைக்கும். பந்துக்கும் கைக்கும் நடுவே இவ்வளவு நெருக்கம் உள்ள ஒரு வாத்தியத்தைச் சத்தம் என்று ஒரே சொல்லால் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துக்கும் கால்பந்துக்கும் உறவு பழையது. எங்களுக்கு வடக்கே மூணாறில் தேயிலைத் தோட்ட அணிகள் மோதிக்கொள்ளும் ஃபின்லே கோப்பை 1941இல் தொடங்கியது. ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனியின் பெயர்தான் அதற்கு. துரைமார் தொடங்கிய போட்டி, தமிழ்த் தொழிலாளர்களுடைய போட்டியாக ஆகி எண்பது ஆண்டைக் கடந்துவிட்டது. ஒரே தோட்டத்தில் கொழுந்து கிள்ளுபவரும், ஃபேக்டரியில் நிற்பவரும், அவர்கள் பிள்ளைகளும் ஒரே சட்டை நிறத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தும் இடம் அது. அதற்கு அடுத்த ஆண்டு, 1942இல், உலகின் மறுபக்கம் ரியோ டி ஜெனிரோவில் ஜெய்மே தெ கார்வால்யோ என்ற ஃபிளமெங்கோ ரசிகர் ஊதுகருவியும் மேளமும் கொண்ட ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். பிரேசில் மைதானங்களில் இன்று ஒலிக்கும் எல்லா மேளத்துக்கும் அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். சுருதி சேராமல் வாசித்ததைக் கேட்ட வானொலி வர்ணனையாளர் ஆரி பரோசோ அவர்களுக்குச் சரங்கா என்று கேலிப் பெயர் வைத்தார். அவர்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். சுருதி சேரவில்லைதான். ஆனால் அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை, தங்கள் அணியைப் பார்க்க வந்தவர்கள்.

அதே பிரேசிலில் 2014 உலகக் கோப்பைக்காகக் கஷிரோலா என்ற கிலுகிலுப்பையைத் தயார்செய்தார்கள். வடிவமைத்தவர் கார்லின்யோஸ் பிரவுன். பெரிய கலைஞர், மக்கள் இசையை நன்கு அறிந்தவர். வுவுசெலாவைவிட மென்மையான சத்தம் என்று சொல்லி, நாட்டின் வாத்தியமாகவே அறிமுகப்படுத்தினார்கள். 2013 ஏப்ரலில் சால்வடார் நகரில் பாஹியாவும் விட்டோரியாவும் மோதியபோது தோல்வியில் கொதித்த ரசிகர்கள் அவற்றை மைதானத்துக்குள் வீசி எறிந்தார்கள். பிறகு உலகக் கோப்பைக்குள் அது நுழையவே இல்லை. ரசிகருக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று மேலேயிருந்து யாரோ முடிவுசெய்து கையில் கொடுத்தால், கோபம் வந்த கணத்தில் அது வாத்தியமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. கார்வால்யோவின் சுருதி சேராத குழுவுக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை.

இனி எனக்குக் கூச்சமும் கோபமும் தரும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து இறுதியாட்டம் ஒன்றில், பெயர் சொல்ல விருப்பமில்லை, தப்புக்காரர்களைக் கூலி பேசி வரவழைத்திருந்தார்கள். அவர்களை மேடைக்கு எதிரே நிறுத்தினார்கள். மேடையில் சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர்கள். தப்புக்காரர்கள் மேடையைப் பார்த்து நிற்க வேண்டும். மைதானம் அவர்கள் முதுகுக்குப் பின்னால். கமிட்டிப் பையன் கையை உயர்த்தினால் அடிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். கோல் விழுந்தது, கூட்டம் எழுந்தது, கை உயர்ந்தது, அவர்களும் அடித்தார்கள். அடித்துக்கொண்டே ஒருவர் பாதி திரும்பி, அருகில் நின்ற என்னிடம், "யாருப்பா போட்டது தம்பி?" என்றார். "மேப்பிரிவுப் பசங்கண்ணே" என்றேன். "எந்தக் காலு?" என்றார். இடது கால் என்றதும் முகம் மலர்ந்து, "அவன் எடதுதான்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பையன்கள் ஆடுவதை அவர் பல வருடமாகப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் பார்க்க விடவில்லை.

சாவுக்கு அடி, சாமிக்கு அடி, அடித்துவிட்டு ஒதுங்கி நில் என்று ஒரு சாதியின் தோளில் இந்த வாத்தியத்தை மாட்டிவிட்டு எத்தனை தலைமுறை ஆகிறது! புறநானூற்றில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளை மட்டுமே குடி என்று எண்ணுகிறார். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாருக்கு அரசனே கவரி வீசினான் என்பதும் அந்தத் தொகையிலேயே இருக்கிறது. அந்தச் சேர நாட்டு மண்ணில்தான் நாங்கள் இருக்கிறோம். முரசுக்குக் கட்டில் போட்டவர்களின் வழியில் வந்துவிட்டு, அதை அடிப்பவரைக் கூலி கொடுத்து ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்? தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பறையைக் கலையாக, உரிமையாகக் கற்றுத் தலைநிமிர்ந்து வாசிக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் தோளில் மாட்டுகிறார்கள். அவர்கள் மைதானத்துக்கு வரும்போது அவர்களுக்கு இடம் மற்ற ரசிகர்களோடுதான். மேடைக்கு முன்னால் நிறுத்தினால் பழைய கணக்கைத்தான் புதுக் கொட்டில் வாசிக்க வேண்டியிருக்கும்.

வாத்தியமே வேண்டாம் என்றவர்களின் வாதத்தில் நியாயம் உள்ள ஓர் இடம் உண்டு. கூட்டத்தின் சத்தம் நடுவரை அசைக்கிறது. இங்கிலாந்தில் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இது. லிவர்பூல், லெஸ்டர் அணிகள் மோதிய ஆட்டத்திலிருந்து 47 தடுப்புகளை எடுத்து 40 நடுவர்களுக்கு வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டச் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த மைதானத்து அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் 15.5 சதவீதம் குறைவு. நடுவர்கள் யாரும் ஊழல் செய்யவில்லை, கூட்டம் உறுமுவதைக் காது கேட்டது, கை தயங்கியது, அவ்வளவுதான். 2020இல் கொரோனாவால் காலி மைதானங்களில் ஐரோப்பிய ஆட்டங்கள் நடந்தபோது சொந்த மைதானத்தின் சாதகம் பல இடங்களில் குறைந்ததும் இதை ஒட்டியே. ஆகவே சத்தம் ஒரு பாவமும் அறியாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் நடுவரை அசைத்தது மனிதக் கூட்டத்தின் குரல். அதற்கு மருந்து வாத்தியத்தைப் பறிப்பதில் இல்லை. எதிரணி ரசிகர்களுக்கும் அதே அளவு இடமும் அதே அளவு கொட்டும் கொடுத்தால் தராசு நேராகும். வெளியூர் அணிக்காக ஒரு ஜீப் நிறைய ஆள் வந்தால் மைதானத்தின் மூலையில் தள்ளிவிடும் வழக்கத்தை முதலில் விட வேண்டும்.

காலி மைதானத்து ஆட்டங்களை நான் மறக்கவில்லை. பந்து காலில் படும் ஓசை, பயிற்சியாளரின் அதட்டல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் பழைய கூட்டச் சத்தத்தைப் பதிவிலிருந்து எடுத்து ஓட்டினார்கள். கோல் விழுந்து அரை நொடி கழித்து ஆரவாரம் வரும். அந்த அரை நொடியைத் தாங்கிக்கொள்ள முடியாமல் நான் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துப் பார்த்தேன்.

எங்கள் மைதானத்து பாக்ஸ் செட்டும் எனக்கு அந்த ரகம்தான். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து சினிமாப் பாட்டு வருகிறது. நன்கொடையாளர் பெயர்கள் வருகின்றன. வர்ணனை செய்யும் தம்பிக்கு நல்ல குரல், நல்ல நகைச்சுவை, அதை நான் ரசிக்கிறேன். ஆனால் பாட்டை ஓட்டுபவர் ஜெனரேட்டர் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மைதானமே தெரியாது. ஊதலுக்கும் முன்னால் நிறுத்த வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஊதலைச் சிறுவர்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. வாசலில் விற்பதை நிறுத்தினால் போதும். கேஸ் ஹாரனை மட்டும் கண்டிப்பாக வாங்கி வைத்துவிட வேண்டும்.

இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளக்கு போட்டு ஆடும் செவன்ஸ் என்னும் எழுவர் கால்பந்து, இரண்டு ஆட்டம் முடிந்து மூன்றாவது தொடங்கும்போது 10 மணியைத் தாண்டிவிடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. 2010இல் திருத்தியபோது இசைக்கருவிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அந்த விதி வைத்திருக்கும் அளவு 45 டெசிபல். தப்பின் ஓர் அடிக்கே அது காணாது. சட்டத்தை விடுங்கள். மைதானத்தை ஒட்டிய லயத்தில் தூங்குவது யார்? விடியும் முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்செய்துவிட்டு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். நாளெல்லாம் செடியின் அடியில் குனிந்து சரத்தில் முற்றிய காயை மட்டும் விரலால் உணர்ந்து கிள்ளும் அவர்கள் முதுகுக்கு அந்தத் தூக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, கோல் விழுந்தால் குலவை போடுவதையும் பார்த்திருக்கிறேன். வாரம் முழுவதும் கங்காணியின் குரலுக்குக் கீழே அடங்கியிருப்பவர்களுக்கு உரக்கக் கத்த ஓர் இடம் வேண்டும் என்பதுதான் கொட்டுக்காக நான் பேசுவதன் வேர். அதே நியாயம் இரவு பத்து மணிக்கு அவர்கள் பக்கம் நின்று கொட்டை நிறுத்தச் சொல்கிறது.

ஆகவே கமிட்டியிடம் நான் கேட்பது இது. மூன்றாவது ஆட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள், ஒன்பதரைக்குக் கோப்பையைக் கொடுத்து முடியுங்கள். பாக்ஸை வர்ணனைக்கும் அறிவிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணிக்கும் இரண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் கொட்டுக்கு இடம் ஒதுக்குங்கள். முன்வரிசையில் குழந்தைகள் இருக்கும் பக்கம் வேண்டாம். கூலிக்கு ஆள் வைப்பதாக இருந்தால் மரியாதையான கூலி கொடுங்கள், கையை உயர்த்தி இறக்கும் பையனை அனுப்பாதீர்கள். எப்போது அடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கிழக்குப் பக்கக் கம்பத்துக்குப் பின்னால் தரை உயரமாக இருக்கிறது, மைதானம் முழுக்கத் தெரியும். அங்கே நாலு கம்பு நட்டு ஒரு தகரக் கூரை போட்டால் மழையில் நெருப்பு அணையாது, தோலும் நனையாது. பழைய தகரம் பள்ளிக்கூடச் சுவரோரம் கிடக்கிறது, பஞ்சாயத்தில் கேட்டால் தருவார்கள்.